1863-க்குக் குங்குமம் வைத்தோம்

1863ஆம் ஆண்டின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் உண்டு. வருடத்தின் மேல் யாராவது கோபப்படுவார்களா என்று என் கணவர் கேட்பார். மனிதர்களோடு கோபித்துக் கோபித்து எனக்குச் சலித்துவிட்டது. அவர்கள் ஊர் மாறிப் போகிறார்கள், கிழவர்களாகிறார்கள், செத்துப்போகிறார்கள். கோபத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம்தான் நிற்க வேண்டியிருக்கிறது. வருடம் அப்படி இல்லை, அது எங்கேயும் ஓடாது.

அந்த வருடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்த நவராத்திரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நவராத்திரி முடிந்து வரும் திங்கட்கிழமை, என் ஒரே மகள் இந்த நாட்டு இராணுவத்தில், எங்கள் வாயில் ஆமியில், சேர்வதற்குப் பஸ் ஏறவிருந்தாள். அவளைத் தடுக்க எனக்கு அந்த ஒன்பது நாட்கள்தான் இருந்தன.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், பதினெட்டு வயதில் அகதியாக ஆக்லாந்துக்கு வந்தேன். என் கணவர் கும்பகோணத்துக்காரர், பெயின்ட் கம்பெனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் நிறம் கலக்கிறவர். எங்கள் பக்கத்தில் நவராத்திரி என்றால் கும்பம் வைப்போம், அவலும் கடலையும் படைப்போம். கடைசி நாளில் கோயிலில் ஐயர் வாழைமரத்தை வாளால் வெட்டிச் சாய்ப்பார். அந்த வாழைதான் அசுரன். ஒன்பது நாளும் நடப்பது ஒரு சண்டை என்பதை நாங்கள் மறைப்பதில்லை. படி கட்டிப் பொம்மை அடுக்கி, வருகிறவர்களுக்குச் சுண்டலும் வெற்றிலை பாக்கும் கொடுத்து அனுப்புகிற நாகரிகமெல்லாம் என் கணவர் கொண்டுவந்தது.

ஆக்லாந்தின் தென்கோடியில், பாபகூராவில், எங்கள் வீட்டில் ஐந்து படி. மேலே கலசமும் சாமிகளும். கீழே தரையில் அட்டையும் மணலும் பரப்பி ஒரு 'தீம்'. ஆக்லாந்துத் தமிழர்களிடையே இந்தத் தீமில் பெரிய போட்டி உண்டு, கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு வீட்டில் போன வருடம் விமான நிலையம் கட்டியிருந்தார்கள். த்ரீ கிங்ஸில் ஒரு டாக்டர் வீட்டில் மனித உடலின் உறுப்புகளை வைத்து, கல்லீரலுக்குக்கூடப் பூச் சூட்டியிருந்தார்கள். இந்த இரண்டையும் வெல்ல வேண்டும் என்று என் கணவர் ஆடி மாதத்திலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தார்.

யோசனை சொன்னவள் மகள். பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் வரலாறு படித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று நிறுத்திவிட்டு, ஆம்புலன்ஸில் தொண்டராக ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் படியில் காவித் தலைப்பாகை கட்டிக் கைகட்டி நிற்கும் துறவி பொம்மை எங்களிடம் உண்டு. அவர் பிறந்த வருடம் 1863. அந்த ஒரே வருடத்தில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று வைப்போம் என்றாள். அப்பாவும் மகளும் ஒரு மாதம் அதே வேலையாக இருந்தார்கள்.

நன்றாகத்தான் செய்திருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். லண்டனில் பூமிக்கு அடியில் முதல்முதலாக ரயில் ஓடிய வருடம் அது. ரொட்டி சுடும் தகரத்தைக் கவிழ்த்துச் சுரங்கம் செய்து, உள்ளே பொம்மை ரயிலை விட்டிருந்தார்கள். கால்பந்துக்கு விதி எழுதியது அந்த வருடம். நான்கு சக்கரம் வைத்த ரோலர் ஸ்கேட் வந்தது அந்த வருடம், அதனால் மரப்பாச்சி ஜோடிக்குச் சட்டைப் பொத்தான்களில் சக்கரம் ஒட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் அடிமைகளை விடுவிக்கும் பிரகடனம் வந்ததும் அந்த வருடம்தான், அதற்கு அறுந்த விலங்கு என்று என் பழைய கண்ணாடி வளையல்களை உடைத்துப் போட்டிருந்தார்கள். போர்க்களத்தில் விழுந்து கிடப்பவன் எந்தப் பக்கத்தவன் என்று பாராமல் கட்டுப்போட வேண்டும் என்று ஜெனீவாவில் ஐந்து பேர் கூடிப் பேசியதும் அப்போதுதான். அதற்காக வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை தைத்து மகள் சின்னக் கொடி நட்டிருந்தாள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மணலில், எங்கள் ஊர் வழியாகப் போகும் கிரேட் சவுத் ரோடு. அந்த வருடம் இங்கிலாந்து மகாராணியின் பட்டாளம் இந்த ரோட்டில்தான் தெற்கே இறங்கி, இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் நிலத்துக்குள் புகுந்தது. நூலகத்தில் இருக்கும், பிளாஸ்டிக்கில் பொம்மை அச்சடிக்கும் 3டி மெஷினில் மகள் சிப்பாய்களைச் செய்து எடுத்து, தன் நகப்பூச்சால் சிவப்புச் சட்டை தீட்டியிருந்தாள். வரிசை வரிசையாக, தோளில் துப்பாக்கியோடு. கொலுவைப் பார்க்க உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது அவர்கள்தான்.

கொலு வைத்த அன்று மாலையே, நான் அடுப்படியில் நின்றபோது, விஷயத்தைச் சொன்னாள். தேர்வாகிவிட்டது, கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

"ஆமியோ?" என்றேன். "என்ன கதை இது?"

"மெடிக், அம்மா," என்றாள். வாக்குவாதம் என்று வந்தால் அவளுக்குத் தமிழ் அவ்வளவோடு தீர்ந்துவிடும். மீதியை ஆங்கிலத்தில் சொன்னாள். தான் சுடப் போகவில்லை, சுடப்பட்டவர்களுக்குக் கட்டுப்போடப் போகிறேன் என்றாள்.

"சுடுறவனுக்குப் பக்கத்தில நிண்டு கட்டுறவளும் ஆமிதான்."

இது அந்த ஆமி இல்லை என்றாள்.

"எல்லா ஆமியும் அந்த ஆமிதான். பூட்ஸைப் பார், தெரியும்."

எப்போதும் அங்கேயே இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்க்காதே அம்மா, நான் இங்கே பிறந்தவள் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இறக்கி வைத்திருந்த கொண்டைக்கடலைப் பாத்திரத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். கடலை அறை முழுக்கச் சிதறியது. கொதிநீர் என் கணவரின் கால்விரல்களில் பட்டு, அவர் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே, "பேசித் தீத்துக்கலாம், பேசித் தீத்துக்கலாம்" என்றார். மகள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, குழாயடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து காலை அதில் வைத்தாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு இல்லை. வருகிறவர்கள் முன்னால் மட்டும் சிரித்தோம். எங்கள் வீட்டுக்கு மேலால், பக்கத்தில் இருக்கும் ஆமி முகாமின் ஹெலிகொப்டர் போகும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் தோள் தானாகக் குனியும். அந்த வாரம் அது நிறையத் தடவை போனது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, இரண்டு குடும்பங்கள் வந்திருந்தன. என் கணவர் ஒவ்வொரு பொருளாக விளக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் படியில் விரித்திருந்த மஞ்சள் பட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இது ஏன் மஞ்சள்னு யாரும் கேக்கலயே. அதே வருஷம் ஜெர்மனியில ஒருத்தர் ஒரு சாயம் கண்டுபிடிச்சார். நல்ல மஞ்சள். அது வெடிக்கும்னு ரொம்ப வருஷத்துக்கு யாருக்கும் தெரியல, சாயமாவே வெச்சிருந்தாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது. டி.என்.டி. பின்னாடி வந்த சண்டைல எல்லாம் ஷெல்லுக்குள்ள அடைச்சது இதத்தான்."

வந்தவர்கள் ஆச்சரியப்பட்டுச் சிரித்தார்கள். நிறம் கலக்குகிறவருக்கு அது ஒரு நல்ல கதை. கெட்ட எண்ணம் அவருக்கு ஒரு துளியும் கிடையாது, அதை இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஆனால் எனக்கு அன்றுவரை ஷெல்லுக்குள் என்ன இருக்கும் என்று தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அது மஞ்சளாகப் பிறந்தது என்றும், பிறந்த வருடம் என் வீட்டுக் கூடத்தில் பூச் சூடி உட்கார்ந்திருக்கிறது என்றும் அந்த நிமிடம்தான் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் அன்று என் தம்பிக்குப் பதினொரு வயது. எனக்குப் பதினான்கு. மத்தியானம் ஷெல்லடி ஓய்ந்த நேரத்தில், கிணற்றடிக் கொடியில் காய்ந்த பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து வருகிறேன் என்று, நாங்கள் பதுங்கியிருந்த பங்கர்க் குழியை விட்டு ஏறிப் போனான். ஓய்ந்ததாக நினைத்தது எங்கள் பிழை. சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. வாய்க்குள் மண் வந்து விழுந்தது, அவ்வளவுதான். நான் ஏறிப் போனபோது அவன் கிணற்றுக் கட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது தொடையின் உட்பக்கம் கிழிந்து திறந்திருந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டு கையையும் காயத்துக்குள் வைத்து அமத்தினேன். இரத்தம் விரல்களுக்கு இடையால் வந்தது. சட்டையைச் சுருட்டி உள்ளே திணித்தேன். அது நனைந்து, சட்டைக்கு மேலாலும் வந்தது. "அக்கா, நோகுது, கையை எடு," என்றான். என் மேல் கோபமாகத்தான் சொன்னான். நான் எடுக்கவில்லை. என் முழங்கையைக் கடித்தான், அப்போதும் எடுக்கவில்லை. பிறகு கடி தளர்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று பார்த்தால், கூரையில் பெரிதாகச் சிவப்புச் சிலுவை வரைந்திருந்த ஆஸ்பத்திரியின் மேலேயே முந்திய வாரம் ஷெல் விழுந்திருந்தது. உன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது பிள்ளை என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். ஐயரும் சொன்னார், அம்மாவும் சொன்னா, இங்கே வந்த பிறகு அகதிகளுக்கு ஆலோசனை சொல்கிற வெள்ளைக்காரப் பெண்ணும் சொன்னாள்.

நான் எழுந்து போய் மஞ்சள் பட்டின் நுனியைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தேன். மூன்றாம் படி முழுவதும் கீழே வந்தது. செட்டியார் பொம்மையின் தலை தனியே உருண்டது. பாண்டு வாத்தியக்காரர்கள் நொறுங்கினார்கள். துறவியின் மேல் தசாவதாரத்தில் பாதி விழுந்தது. கொலு பொம்மை உடைவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று வந்திருந்த பெண்களின் முகத்தில் எழுதியிருந்தது. சுண்டல் தட்டுகளை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. இன்னும் நான்கு படி மிச்சம் இருக்கிறதே என்றுதான் இருந்தது.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, ஆயுத பூஜை. அன்றைக்கு என் கடைசித் துருப்புச் சீட்டாக அடுத்த வீட்டுக்காரரை அழைத்திருந்தேன். மாவோரிப் பெண்மணி, அறுபதைத் தாண்டியவர், பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். 1863இல் இந்த ரோட்டில் வந்த பட்டாளம் அவருடைய ஆட்களைத்தான் விரட்டியது என்று எனக்குத் தெரியும். ஆமி என்றால் என்ன என்று என் மகளுக்கு நான் சொன்னால் ஏறாது, இந்த மண்ணின் ஆள் சொன்னால் ஏறும் என்பது என் கணக்கு.

ஆயுத பூஜை என்றால் வீட்டில் வேலை செய்கிற எல்லாப் பொருளுக்கும் அன்று மரியாதை. கத்தி, கத்தரிக்கோல், என் தையல் மெஷின், கணவரின் நிறம் கலக்கும் கரண்டி, கார்ச் சாவி எல்லாவற்றையும் கொலுவுக்கு முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டோம். துணி துவைக்கும் மெஷினுக்கு அது இருக்கும் இடத்திலேயே பொட்டு. மகள் தன் ஆம்புலன்ஸ் பையைக் கொண்டுவந்து வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை எடுக்கக் கூடாது என்பது என் கணவரின் கண்டிப்பான சட்டம். பழக்க தோஷத்தில் அவர் குங்குமச் சிமிழோடு தீம் பக்கமும் இறங்கிப் போய், சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் ஒவ்வொருவருக்கும் நெற்றியில் பொட்டு வைத்து, பெரிய கற்பூரமாகக் கொளுத்திக் காட்டிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். காலணியைக் கழற்றினார், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார், நேரே அவர்களைத்தான் பார்த்தார்.

"இவர்கள் நெற்றியில் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

குங்குமம் என்றேன்.

"கும்பிடுகிறீர்களா?"

என் கணவருக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. குங்குமச் சிமிழை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பிறகு, துணி துவைக்கும் மெஷினுக்கும் வைத்திருக்கிறோம் என்றார்.

பெண்மணி சிரிக்கவில்லை. அந்த ஜூலை மாதத்தைச் சொன்னார். மகாராணிக்கு விசுவாசம் என்று சத்தியம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நதியைத் தாண்டித் தெற்கே போக வேண்டும் என்று சொல்லப்பட்டதாம். அவருடைய பாட்டியின் பாட்டி, நெருப்பில் வைத்த சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். போனவர்களின் தோணிகளை உடைத்தார்கள், மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். நடக்க முடியாத கிழவர்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. "நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள், நீ இப்போது நிற்கிற இடம் உட்பட," என்று என்னிடம் சொன்னார். அது எனக்குக் குத்தியது, குத்த வேண்டியதுதான்.

நான் மகளைப் பார்த்து, "கேட்டியோ?" என்றேன். "ஆமிக்குப் போகப் போறாளாம்," என்று அவரிடமும் சொன்னேன். "நீங்களே சொல்லுங்கோ" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதோ அப்படிச் சொன்னேன்.

அவர் என் மகளை நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பிரிவு?"

மெடிக் என்றாள்.

"என் மகள் பத்து வருடம் இருந்தாள். குளிர்காலத்தில் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொள். முதல் மூன்று வாரம் அழுவாய், பிறகு சரியாகிவிடும்."

என் கணக்கு அந்த இடத்தில் சரிந்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு எப்படி உங்கள் மகளை அனுப்பினீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் நிதானமாகப் பதில் சொன்னார். "அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது. சாகும்வரை இருக்கும். அவளுக்கு ஒரு வேலையும் வேண்டியிருந்தது, அது அவளுக்குப் பிடித்திருந்தது." பிறகு குனிந்து, சிப்பாய்களை ஒவ்வொருவராக எடுத்து, கட்டைவிரலால் குங்குமத்தைத் துடைத்து, வந்த வழியே திரும்பிப் போகிற மாதிரி வடக்கே பார்க்க நிறுத்தினார். என் மகளும் பக்கத்தில் முழங்காலிட்டு அவரோடு சேர்ந்து திருப்பினாள். இரண்டு பேரும் நெடுநாள் பழகியவர்கள் மாதிரி வேலை செய்தார்கள். அவர்களைத் திருப்பி வைத்தால் எனக்குப் போதாது. மிதித்து நொறுக்க வேண்டும் என்று கால் பரபரத்தது.

அடுத்தது பூசணிக்காய். ஆயுத பூஜை முடிந்ததும் பூசணிக்காயைக் குடைந்து, குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து உள்ளே ஊற்றி, மேலே கற்பூரம் ஏற்றி, சுற்றிக் காட்டி, வாசலில் போட்டு உடைப்பார்கள். கெட்டது எல்லாம் அதோடு போக வேண்டும். வழக்கமாக இந்தியக் கடையில் சாம்பல் பூசணி கிடைக்கும். அந்த வருடம் கிடைக்கவில்லை. என் கணவர் சூப்பர் மார்க்கெட்டில் இந்த நாட்டுப் பூசணி ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதன் தோல் சாம்பல் நிறம், ஆகவே அதுவும் சாம்பல் பூசணிதான் என்று முடிவு கட்டிவிட்டார். அந்தப் பூசணியைச் சமைத்தவர்களுக்குத் தெரியும், அதன் தோல் தோல் அல்ல, கல்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். உடைக்கும்போது இரத்தம் மாதிரி சிவப்பாகத் தெறிக்கும், அது வெறும் பொடி, பயப்படாதீர்கள் என்று நானே சொன்னேன்.

என் கணவர் கற்பூரம் காட்டிவிட்டு, கார் நிற்கும் சிமெந்துத் தரையில் ஓங்கிப் போட்டார். அது உடையவில்லை. ஒரு துள்ளுத் துள்ளி, சிவப்பாகக் கக்கிக்கொண்டு, உருண்டு போய்க் கார்ச் சக்கரத்தில் முட்டி நின்றது. மறுபடி போட்டார். சிமெந்தில்தான் ஒரு சில்லுப் பெயர்ந்தது. பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். மகளும் சிரித்தாள். எனக்கு அது உருண்ட விதம் பிடிக்கவில்லை. உருண்டு போகும் தலைகளை நான் கண்டிருக்கிறேன், அதற்குமேல் இங்கே எழுத மாட்டேன்.

உள்ளே போனேன். பூஜையில் இருந்த பெரிய கத்தியை எடுத்தேன்.

"பூஜைல வெச்சத எடுக்காத," என்று கணவர் பின்னால் வந்தார். "நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாதுன்னு தெரியும்ல."

"எங்கட கோயில்ல வாளாலதான் வெட்டுவினம். நீங்கள் சும்மா இருங்கோ."

சிமெந்தில் முழங்காலிட்டு, இடது கையால் பூசணியைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். முதல் வெட்டில் கொஞ்சம் பதிந்தது. யாரை வெட்டுகிறேன் என்று கேட்டால் எனக்கே பட்டியல் சொல்ல முடியாது. சாயம் கண்டுபிடித்தவனை வெட்டினேன், ரோடு போட்டவனை வெட்டினேன், கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டு வந்து சொன்ன என் மகளையும் ஒரு வெட்டு வெட்டினேன். பூசணி பிளந்தது. அது பிளந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. குங்குமத் தண்ணீரில் கைப்பிடி வழுக்கியது. கத்தி தோலில் பட்டுச் சறுக்கி என் இடது மணிக்கட்டுக்கு மேலே, உட்பக்கத்தில் இறங்கியது.

நோகவில்லை. கை ஏற்கெனவே சிவப்பு, தரை சிவப்பு, சேலை சிவப்பு. இன்னும் கொஞ்சம் சிவப்பு கூடியதை யாரும் கவனிக்கவில்லை. பெண்மணி கைதட்டினார், சடங்கு முடிந்தது என்று நினைத்தார். என் கணவர், "போதும், உடைஞ்சிருச்சு, போதும்," என்று சிரித்துக்கொண்டே வந்தார். நான் மட்டும், குங்குமம் ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மகள் வாசற்படியிலிருந்து பாய்ந்தாள். என்னை மல்லாக்கத் தள்ளினாள், தலை சிமெந்தில் இடித்தது. என் மேல்கையில் முழங்காலைப் போட்டு ஏறி அமத்தினாள். அப்பாவைப் பார்த்து, "பை" என்று கத்தினாள். அவர் உள்ளே ஓடி, பூஜையில் வைத்த பையை, சந்தனப் பொட்டோடு, ஒரு நொடியும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டு வந்தார். அவள் அதிலிருந்து, இரத்தத்தை இறுக்கி நிறுத்தும் கறுப்புப் பட்டி ஒன்றை எடுத்து என் மேல்கையில் சுற்றி, அதில் இருந்த கட்டையைத் திருகினாள். வெட்டு நோகவில்லை என்றேனே, இது நொந்தது. எலும்பைப் பிழிகிற மாதிரி இருந்தது. மாடு மாதிரி கத்தினேன். "நோகுது, எடு, கையை எடு," என்று அவளை மற்றக் கையால் முகத்தில் அறைந்தேன். அவள் கன்னத்தில் குங்குமமும் இரத்தமுமாக என் ஐந்து விரலும் பதிந்தன. அவள் இன்னும் ஒரு சுற்றுத் திருகினாள்.

"பேசாதே. அசையாதே," என்றாள் ஆங்கிலத்தில். அம்மா என்று சொல்லவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியாது, நான் பெற்ற முகம் இல்லை அது. பயம் என்பது அதில் கொஞ்சமும் இல்லை.

பெண்மணி என் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். நான் கைதட்டினேனே, நான் கைதட்டினேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நாடிக் குழாயைத் தைத்தார்கள், நரம்பு தப்பியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வேறு கதை என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னார். எல்லாம் சிவப்பாக இருந்ததே, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மகளைக் கேட்டேன். பொடி துடித்துத் துடித்து வராது அம்மா என்றாள். கன்னத்தை இன்னும் கழுவாமல் இருந்தாள்.

மறுநாள் விஜயதசமி. புதிதாக எதைப் படிக்கத் தொடங்குவதற்கும் அன்றுதான் நாள். சின்னப் பிள்ளைகளுக்கு அரிசியில் எழுத்துத் தொடக்குவார்கள். கட்டுப்போட்ட கையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நான் மகளின் அறைக்குப் போனேன். பயணப் பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்து நிமிர்ந்தாள்.

"எனக்கு ஒண்டு காட்டித் தா," என்றேன். "துடையில வெட்டுப்பட்டா எங்க அமத்திறது?"

 சுவரில் இருக்கும் மாமாவின் படத்தைப் பற்றி அவளுக்குத் தெரியும், ஷெல் என்ற அளவுக்கு. உடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கம்பளத்தில் மல்லாந்து படுத்தாள். என் நல்ல கையைப் பிடித்துத் தன் இடது தொடைக்குக் கொண்டுபோனாள். நான் தொடையின் உட்பக்கத்தில் கையை வைத்தேன். அவள் அதைத் தூக்கி மேலே, அடிவயிறும் தொடையும் மடிகிற இடத்தில் வைத்தாள். அங்கே நாடி அடித்தது. ஒரு சாண் மேலே. என் கை அன்று இருந்த இடத்துக்கு ஒரே ஒரு சாண் மேலே.

காயத்துக்குள் அமத்தினால் மட்டும் போதாது, இங்கேதான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கையால் பிடித்தால் களைத்துவிடும், முழங்காலைப் போட்டு முழுப் பாரத்தையும் இறக்க வேண்டும்.

"பதினாலு வயசுப் பிள்ளையின்ர பாரம் போதுமோ?"

 மாமாவுக்கு அப்போது எத்தனை வயது என்று கேட்டாள்.

"பதினொண்டு."

முகட்டைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். அவள் ஒரு பொய்யைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் தேடியிருப்பேன்.

"போதும், அம்மா," என்றாள் தமிழில். "ஆஸ்பத்திரி இல்லாட்டியும், கொஞ்ச நேரம் இருந்திருப்பார். அதுக்குப் பிறகு தெரியாது."

முப்பது வருடத்துக்கு மேலாக என்னிடம் யாரும் இதைச் சொன்னதில்லை. என் மேல் இரக்கப்பட்ட எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அவ்வளவு பேர் மேலும் வந்தது. இவள் மேல் வரவில்லை. அப்படியே கையில் பாரத்தை இறக்கினேன். அமத்து, இன்னும் என்றாள். இன்னும் அமத்தினேன். என் விரல்களுக்குக் கீழே நாடி மெலிந்து மெலிந்து நின்றது.

"கால் விறைக்குது," என்றாள். "சரியா பிடிச்சிட்டீங்க. இனி விடுங்கோ."

விட எனக்கு நேரம் எடுத்தது.

திங்கட்கிழமை அவள் போனாள். நான் மறிக்கவில்லை.